மாந்தோப்பில் உபதேசியார் தேடிய கதை

வாலிபர் கோடை முகாமுக்கு வாத்தியாராகப் போவது என்றால், பள்ளிக்கூடம் கொடுத்த விடுமுறையை மிஷனிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் பைபிள் வகுப்பு எடுத்த என் சக வாத்தியார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சமையல் முறை

அழகர்கோவில் சாலையோரம் ஒரு மாந்தோப்பில் முகாம். நடத்தியவர் மிஷன் துரை. ஒரு கிராமத்துச் சபைக்கு, ஜெபம் நடத்தி வேதம் சொல்லிக்கொடுக்க ஓர் உபதேசியார் தேவைப்பட்டார். முகாமுக்கு வந்த அந்த ஊர் வாலிபர் இருவரில் ஒருவனைப் பொறுக்கப்போவதாகத் துரை சொல்லியிருந்தார். ஞானமுத்துவின் அப்பா நிலக்காரர், சபை மூப்பர். மாசிலாமணியின் அப்பா அவரிடமே பண்ணையாள். வேலை கிடைக்காவிட்டால் ஞானமுத்துவுக்கு நிலம் இருந்தது. மாசிலாமணிக்கு அதே நிலத்தில் கூலி இருந்தது.

சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் முறைவைத்துச் சமைக்க வேண்டும் என்பது துரையின் சட்டம். மாசிலாமணி பொங்கிய முதல் நாளே ஞானமுத்து பந்தியில் உட்காரவில்லை. மரத்தடியில் பைபிளும் கையுமாக இருந்தவனிடம் காரணம் கேட்டேன்.

"இன்னைக்கு நான் உபவாசம் சார்."

துரையின் பூரிப்பு

மாசிலாமணியின் முறை வந்த நாளெல்லாம் ஞானமுத்துவுக்கு உபவாசமும் வந்தது. தோப்பில் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்களைத்தான் தெரியாது. மெல்ல அவர் காதில் போடலாம் என்று போனேன். அதற்குள் அவர் எல்லாரையும் கூட்டிவைத்து, ஞானமுத்துவின் தோளில் கைபோட்டு நின்றார்.

"இந்த வயதில் இப்படிப்பட்ட வைராக்கியம்! எல்லாரும் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

பானக்கம்

அழகரைப் பார்க்கப் போகிற கூட்டம் தோப்பைத் தாண்டித்தான் போகும். பிரசங்கம் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று வாலிபர்களைச் சாலையில் நிறுத்தினோம். அன்று சமையல் மாசிலாமணி. ஆகவே ஞானமுத்து வெறும் வயிறு. பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நாக்கு உலர்ந்து வார்த்தை வரவில்லை. வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் செம்பு நிறையப் பானக்கம் நீட்டினார். யார் கரைத்தது, சாமிக்குப் படைத்ததா, ஒன்றும் கேட்காமல் ஞானமுத்து ஒரே மூச்சில் குடித்தான். அருகில் நின்ற மாசிலாமணி அதைப் பார்த்தான். மாசிலாமணி பார்த்ததை ஞானமுத்துவும் பார்த்தான். பெரியவருக்கு மட்டும் எந்தச் சங்கடமும் இல்லை.

"நல்லாக் குடிங்க தம்பி. நாங்க அம்புட்டுப் பேரும் இங்கனதான் நிக்கிறோம், தெம்பாப் பேசுங்க."

சாட்சி

கடைசி நாள், அவரவர் மனசில் உள்ளதை எல்லார் முன்னும் சொல்லுகிற சாட்சிக் கூட்டத்தில் ஞானமுத்து எழுந்தான். "அய்யா, நான் உபவாசமே இருக்கல. மாசிலாமணி பொங்குனதைத் திங்க மனசு வரல" என்று சொல்லி அழுதுவிட்டான். அந்த அழுகை பொய்யில்லை. துரை அவனைக் கட்டிக்கொண்டார். இப்படி மனந்திரும்பிய ஒருவனைவிட நல்ல மேய்ப்பன் எங்கே கிடைப்பான் என்று, அங்கேயே வேலையை அவனுக்குக் கொடுத்தார்.

மாசிலாமணி கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். அவனே சொன்னான்.

"பட்டினி கெடந்தப்பவும் பக்தின்னாக, பொய்யின்னு ஒத்துக்கிட்டப்பவும் பக்திங்கிறாக. நான் பொங்கிப் போட்டது மட்டும் வெறுஞ்சோறாப் போச்சு சார்."

அந்தக் கோடையில் அந்தச் சபைக்கு ஓர் உபதேசியார் கிடைத்தார், மதுரைப் பஞ்சாலைக்கு ஓர் ஆள் கிடைத்தான்.