ஐந்து ஏக்கர்

விண்ணப்பத்தில் ‘குடும்பத்தின் நிலம்’ என்ற கட்டத்தில் ‘ஐந்து ஏக்கர்’ என்று எழுதியது என் கைதான். என் கையெழுத்து அழகானது என்று எனக்கொரு நினைப்பு உண்டு.

நான் அடிவாரத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் ஹாக்கிப் பயிற்சியாளன். பந்தைத் துரத்த முடியாத வயதில் ஆட்களைத் துரத்திப் பிடித்துச் சேர்க்கும் வேலை. வசதியான நகரப் பள்ளிகள் தங்கள் மாணவிகளின் ஆட்டத்தைப் படம்பிடித்து, இசையும் சேர்த்து அனுப்பிவிடும். செயற்கைப் புல்லில் எல்லோருமே நன்றாக ஆடுவதுபோலத்தான் தெரியும். மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டுப் பள்ளியிலிருந்து எதுவும் வராது. நாம்தான் பஸ் ஏற வேண்டும். ஏறினேன். அங்கே நடு மைதானத்தில் ஆடும் சென்டர் ஹாஃப் ஒருத்தி இருந்தாள். அந்தச் சரளைக்கல் மைதானத்தில் எந்தக் கல்லில் பட்டு எங்கே துள்ளப்போகிறோம் என்பது பந்துக்கே தெரியாது, அவளுக்குத் தெரிந்திருந்தது.

படிப்பும் விடுதியும் முழுக்க இலவசம் என்றால்தான் அவளால் வர முடியும். அப்படி இருந்தது ஒரே ஓர் இடம். நிலம் எவ்வளவு என்று அவள் அப்பாவைக் கேட்டேன். “அஞ்சு ஏக்கருங்க” என்றார். பாதி பாறை, மீதி சரிவு. சாமை விளைந்தால் உண்டு. இதையெல்லாம் எழுதக் கட்டத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதலாமே என்று, அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் எனக்குத் தோன்றவில்லை.

வருமானச் சான்று எல்லோருமே குறைவாகத்தான் வாங்கி வருவார்கள் என்பதால் எங்கள் அலுவலகத்தில் நிலத்தைத்தான் பார்ப்பார்கள். பார்த்தவர் கீழே சமவெளியில் பேளுக்குறிச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐந்து ஏக்கர் என்றதும் அவர் கண்ணில் கிணறும் தென்னையும் தெரிந்திருக்க வேண்டும். “எங்களுக்கே மூணுதானுங்க சார்” என்றார். அந்த இடம் நகரத்து மாணவி ஒருத்திக்குப் போயிற்று. அவள் அப்பாவுக்கு இரண்டு ஜவுளிக்கடை. நிலம் மட்டும் இல்லை. நான் வாதாடினேன். விதி என்றார்கள். வேலையை விடுமளவுக்கு நான் வாதாடவில்லை.

சொல்வதற்காக மறுபடி மலையேறினேன். சோளக்காடு ஊர்ச் சந்தையில் அப்பாவும் மகளும் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். “ஏனுங்க சார், நெலமே இல்லீன்னு எழுதியிருக்கோணுங்களா?” என்று அவர் சந்தேகம்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு.

“அந்தப் புல்லுல பந்து துள்ளவே துள்ளாதுங்களா சார்?”

“துள்ளாது கண்ணு.”

“அப்பறம் என்னத்தைங்க ஆடறது?” என்று சிரித்தாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்பது பஸ்ஸில் பாதி மலை இறங்கிய பிறகே உறைத்தது.

எங்கள் அணி இப்போது நன்றாகவே ஆடுகிறது. பந்து போன இடத்துக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். பந்து வருவதற்கு முன்பே போய் நிற்க ஒருத்தி இல்லை. கூட்டம் கைதட்டும்போது, நடு மைதானத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.