முதுகுக்குக் கிடைத்த பாராட்டு

விமர்சனம் வெளியான அன்று காலை மாமியார் முதலில் பார்த்தது பத்திரிகையின் தேதியை. முட்டாள்கள் தினம் இல்லை. அடுத்துப் பார்த்தது பெயரை. தன்னுடையதுதான், எழுத்துப்பிழைகூட இல்லாமல் அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே சந்தேகம் தட்டியது.

மாமியார் என்பது நாடகக் குழு வைத்த பெயர். அவளுக்குப் பிள்ளையும் கிடையாது, மருமகளும் கிடையாது. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் பத்தொன்பது மாமியார்களாக மேடையேறி பத்தொன்பது மருமகள்களைக் கண் கலங்க வைத்திருக்கிறாள். தட்டை ஏந்தி வந்து "வண்டி வந்துடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது முதல் வேஷம். அங்கிருந்து நேராக மாமியார். காதலி, மனைவி, கதாநாயகி என்று மற்றவர்கள் இறங்கி இளைப்பாறிய நிலையங்கள் எதிலும் அவள் வண்டி நிற்கவில்லை.

பீரோவின் அடித்தட்டில் ஒரு நீல ஃபைல் உண்டு. அவளைப் பற்றி அச்சில் வந்ததெல்லாம் அதில். மொத்தம் ஏழு துண்டுகள். நான்கில் "மற்றும் பலர் நடித்திருந்தனர்" என்று இருக்கும். அந்தப் 'பலர்' என்பதன் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

எழுதியவரையும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. எப்போதும் மூன்றாம் வரிசையில், எழுந்து போக வசதியாக ஓரத்து நாற்காலியில் உட்காருகிற விமர்சகர். அவருடைய பாஷை நாடகக்காரர்களுக்கு அத்துப்படி. 'குறை சொல்ல முடியாது' என்று எழுதினால் தூங்கிவிட்டார். 'நிறைவாக இருந்தது' என்றால் இடைவேளையோடு வீட்டுக்குப் போய்விட்டார். 'பாத்திரமாகவே வாழ்ந்தார்' என்றால் யாரையோ யாரோ என்று நினைத்துக்கொண்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த முறை படமும் போட்டு, ஒரு முழுப் பத்தியை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்.

"மகன் வீட்டை விட்டுப் போகிறான். தாய் ஜன்னலோரம் முதுகு காட்டி நிற்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. 'போயிட்டு வரேம்மா' என்கிறான். அப்போதும் அவள் திரும்பவில்லை. கை மட்டும் எழுந்து, ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, மெல்ல விட்டது. அந்த முதுகு பேசியதை எழுத எந்த நாடகாசிரியராலும் ஆகாது."

மாமியாரின் கணவர் கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாத பையனுக்கு மதிப்பெண் போடாத ஜாதி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார்.

"விடை நல்லாத்தான் இருக்கு. வழியைத்தான் காணோம்" என்றார். "இந்த நாடகத்த நான் மூணு தடவ பாத்துட்டேன். உன் முதுகு ஒரு நாளும் வாயத் தொறந்து நான் பாக்கல."

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்திருக்கும். அன்று நடக்கவில்லை. விமர்சகர் வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் காட்சிக்கு முன்னால் அவள் உள்ளே ஓடி, முப்பது விநாடியில் கறுப்பு அங்கிக்கு மாற வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த அங்கியின் ஜிப் பாதி வழியில் டோப்பா முடியைக் கவ்விக்கொண்டது. மேலும் வராது, கீழும் போகாது. கழுத்தைத் திருப்பவும் முடியாமல் பக்கத் திரைக்குப் பின்னால் அவள் வேட்டையில் சிக்கிய கொக்கு மாதிரி நின்றுகொண்டிருக்க, வெளியே மகன் வந்து நின்றுவிட்டான். குழுவின் டைரக்டர் ஒரு கணம் யோசித்தார். ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் தோளில் அம்மா வேஷத்துச் சால்வையைப் போர்த்தி, மேடைக்குத் தள்ளிவிட்டார். ஜன்னலைப் பார்த்து நின்றால் போதும், வசனம் கிடையாது. ஒன்றரை நிமிஷத்தில் விளக்கு அணைந்தது. தையல்காரம்மா திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து ஜிப்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஆக, இருபத்தாறு வருஷத்தில் கிடைத்த ஒரே முழுப் பத்தி. அந்தப் பத்தியில் அவள் இல்லை.

விமர்சகருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் மாமியார் முதலில் நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் செய்தி வந்தது. வெளியிலிருந்து ஒரு பெரிய இயக்குநர் அம்மாள் வந்து புது நாடகம் போடப்போகிறாராம். தனியாக வாழும் ஒரு பெண்ணின் கதை. அவள் இரண்டு மணி நேரமும் மேடையை விட்டு இறங்கமாட்டாள். யாருக்கும் மாமியார் இல்லை. சொல்லப்போனால் அவளுக்கு உறவென்றே யாரும் கிடையாது. விண்ணப்பிக்கிறவர்கள் மூன்று பாராட்டுக் கடிதங்கள் கொண்டுவர வேண்டும்: ஒரு விமர்சகர், ஒரு இயக்குநர், கூட நடித்த ஒருவர்.

அன்றோடு உண்மை சொல்லும் யோசனைக்கு வாய்தா விழுந்தது.

கடிதங்கள் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை. விமர்சகர் அதே பத்தியை அப்படியே எழுதி, 'உலகத் தரம்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார். டைரக்டர் எழுதியதைப் படித்தபோது அவளுக்கு வியர்த்தது. "அந்த முதுகை உருவாக்க நாங்கள் இருவரும் மூன்று மாதம் உழைத்தோம்." தையல்காரம்மாவைத் தன் கையால் தள்ளிவிட்ட மனிதர். அவரிடம் போய் என்ன சார் இது என்று இழுத்தாள். அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு நாக்கால் தடவி ஒட்டினார்.

"நம்ம குழு முதுகு தானேம்மா. யாரு முதுகா இருந்தா என்ன?"

இவர் தன்னைத் தூக்கிவிடுகிறாரா, தொலைத்துக்கட்டுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்த மாமியார் வேஷத்துக்குச் சின்ன வயதில் யாரையாவது பார்த்து வைத்திருக்கிறாரோ என்றும் தோன்றியது.

மூன்றாவது, மகனாக நடிக்கும் கதாநாயகன் எழுதியது. "பார்வையாளர்களுக்குக் கிடைக்காத அந்த முகத்தை நான் ஒருவன்தான் பார்த்தேன். அந்தக் கண்களில் தேங்கிய நீரை ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன்." இதில் மட்டும் சூது இல்லை என்று மாமியாருக்குத் தெரியும். அவனுக்குக் கிட்டப்பார்வை. மேடையில் கண்ணாடி போட்டால் அழகு கெடும் என்று கழற்றிவிடுவான். எதிரே நிற்பது அம்மாவா அலமாரியா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பான். குரல் இல்லாத காட்சியில் அவனுக்கு எல்லாமே அம்மாதான்.

மிச்சம் இருந்தது தையல்காரம்மா. அவள் பத்திரிகை பார்த்தாளா? பார்த்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை? பார்க்கவில்லை என்றால் எப்போது பார்ப்பாள்? கிழியாத ரவிக்கை ஒன்றை மாமியார் தானே பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு, மேடைக்குப் பின்னால் படிக்கட்டுக்கு அடியில் இருந்த தையல் அறைக்குப் போனாள்.

உள்ளே ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் காகித வெட்டுகள். கை, கழுத்து, முன்பக்கம், முதுகு என்று பழைய பத்திரிகையில் அளவு வெட்டி, யார் வேஷம் என்று மேலே எழுதி மாட்டியிருப்பாள். தையல்காரம்மா ரவிக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது தானா கிழிஞ்ச மாதிரி இல்லையே அக்கா."

ஆணியில் மாட்டிக்கொண்டது என்று சமாளித்துவிட்டு, மாமியார் வானிலை விசாரிப்பதுபோல ஆரம்பித்தாள். அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால் நின்றாயே, பயமாக இல்லையா, உள்ளுக்குள் என்ன ஓடியது?

"என்ன ஓடும்? வாயில நாலு குண்டூசி. உங்க ஜிப்புக்கு வெச்சிருந்தேனே, துப்பறதுக்குள்ள தள்ளி விட்டுட்டாரு. மூச்சு விட்டா ஒண்ணு உள்ள போயிடும். திரும்பினா பல்லுக்கு நடுவுல பளபளன்னு தெரியும். அதான் மரம் மாதிரி நின்னேன்."

"கையத் தூக்கினியாமே?"

"அந்த ஜன்னல் திரை ஓரம் பிரிஞ்சு தொங்குச்சு. நான் அடிச்ச தையல் அக்கா அது. கண்ணு முன்னால பிரிஞ்சிருந்தா கை சும்மா இருக்குமா?" சொல்லிவிட்டு அவள் மிஷினை நிறுத்தினாள். "நீங்கதான் அங்க இல்லையே. கையத் தூக்கினேன்னு யாரு சொன்னா?"

"யாரோ பேசிக்கிட்டாங்க."

"பேப்பர்ல கீப்பர்ல வந்துடுச்சோன்னு பாத்தேன்."

மாமியார் குனிந்து, கீழே கிடந்த நூல்துண்டு ஒன்றைப் பொறுக்கினாள். நீ பத்திரிகை எல்லாம் படிப்பாயா என்று கேட்டாள். வெட்டுவதற்குத்தான் வாங்குவதாகத் தையல்காரம்மா சொல்லி, மறுபடி மிஷினை மிதித்தாள். அதற்குமேல் அந்த முகத்திலிருந்து ஒன்றும் பெயரவில்லை. வெளியே வரும்போது மாமியாரின் கையில் நாலு குண்டூசிகள் இருந்தன. எதற்குக் கேட்கிறாள் என்று தையல்காரம்மா விசாரிக்கவில்லை. அதுவும் நல்லதாகப் படவில்லை.

வீட்டில் மூன்று நாள் ஒத்திகை நடந்தது. வாயில் ஊசியோடு மாமியார் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்பாள். வாத்தியார் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. ஊசி இருப்பது தெரிகிறது என்றார். திரும்பிப் பார்த்து முறைத்தாள். இப்போது தெரியவில்லை, இந்த முகம்தான் பிரமாதம் என்றார்.

தேர்வு நடந்தது காலை பத்து மணிக்கு, ஒரு காலி அரங்கில். பெரிய இயக்குநர் நரைமுடியைக் குட்டையாக வெட்டிய, மெலிந்த அம்மாள். மடியில் மூன்று கடிதங்கள். பக்கத்தில் ஓரத்து நாற்காலியில் விமர்சகர், தான் கண்டெடுத்த பொக்கிஷத்தைக் காட்ட வந்தவர்போலக் கால்மேல் கால் போட்டிருந்தார். மேடையில் ஒரு ஜன்னல் சட்டம். அதில் புதுத் திரை. ஓரம் பிரியாமல் ஒழுங்காக இருந்தது.

"கடிதமெல்லாம் படிச்சேன்" என்றார் அந்த அம்மாள். "அந்த முதுகக் கொஞ்சம் பாக்கணுமே." சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

மாமியார் கொண்டுவந்த ஊசிகளைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அது என்ன சிரிப்பு? தெரிந்துவிட்டது. டைரக்டர் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் தையல்காரம்மா. கூப்பிட்டு வைத்து, ஊசியை வாயில் போட விட்டு, நடித்து முடித்ததும் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறார்கள். இனிமேல் 'மற்றும் பல'ரில்கூடத் தனக்கு இடம் இருக்காது.

அவள் செய்ததை யாரும் நேர்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிபடுவதற்குள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். கைக்குள் இருந்த ஊசிகளை மேடை விளிம்பில் வைத்துவிட்டு, கீழே பார்த்தபடி சொன்னாள்.

"அது நான் இல்லீங்க. எங்க தையல்காரம்மா. என் ஜிப் மாட்டிக்கிச்சு, அவங்கள அனுப்பினாங்க. கையத் தூக்கினது திரை பிரிஞ்சிருந்ததால. நான் உள்ள கழுத்தத் திருப்ப முடியாம நின்னுக்கிட்டிருந்தேன். இருபத்தாறு வருஷமா மேடையில நிக்கறேன். என்னைப் பத்தி நாலு வரி வந்தா, அன்னிக்குப் பாத்து நான் இல்ல."

விமர்சகர் மேலே இருந்த காலைக் கீழே இறக்கினார். இதெல்லாம் தன்னடக்கம் என்றார். பெரிய கலைஞர்களுக்கு வரும் வியாதிதான் என்றார். நாற்பது வருஷமாக முதுகுகளைப் பார்த்து வருபவனுக்கு நடிகையின் முதுகு எது, தையல்காரியின் முதுகு எது என்று தெரியாதா என்று கேட்டபோது குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது.

பெரிய இயக்குநர் அவரைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதங்களை ஒன்றாக அடுக்கி, பைக்குள் வைத்தார்.

"நான்தான், நான்தான்னு நடிச்சுக் காட்டறவங்கள நெறைய பாத்துட்டேன். நான் இல்லன்னு இவ்வளவு நம்பற மாதிரி நடிச்சது நீங்க ஒருத்தர்தான். அந்த ஜிப் வந்தது பாருங்க, அந்த இடத்துல நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன். வேஷம் உங்களுக்குத்தான்."

மாமியார் வாயைத் திறந்தாள். நிஜமாகவே நிஜம் என்று சொன்னால் நடிப்பு இன்னும் கூடும் என்று பட்டது. மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இதுக்கும் வழி இல்ல" என்றார். "ஆனா விடையத் திருத்தாத. அப்படியே விட்டுடு."

புது நாடகத்துக்கு உடை தைக்கத் தன் குழுவின் தையல்காரம்மாதான் வேண்டும் என்று மாமியார் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். நன்றி என்று சொல்லலாம். கண் பார்வையில் வைத்துக்கொள்வது நல்லது என்றும் சொல்லலாம்.

அளவு பார்க்க அழைத்த அன்று அவளைக் கண்ணாடி முன் நிறுத்தி, தையல்காரம்மா காகித வெட்டுகளை ஒவ்வொன்றாக உடம்பில் வைத்துக் குத்திக்கொண்டே வந்தாள். கை இரண்டும் போன வாரத்துப் பத்திரிகை. முன்பக்கம் நேற்றையது. அளவு எடுக்கவே இல்லையே என்று மாமியார் கேட்டதற்கு, நமக்கு ஒரே அளவுதானே அக்கா, என்மேல வெச்சு வெட்டிட்டேன் என்று பதில் வந்தது.

முதுகுத் துண்டை வைத்தபோது மாமியார் கண்ணாடிக்கு முதுகு காட்டி, கழுத்தை வளைத்துப் பார்த்தாள். மற்றவற்றைவிட அது பழுத்திருந்தது. எழுத்துகள் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்தன. ஆனாலும் படம் அடையாளம் தெரிந்தது: ஜன்னல், சால்வை போர்த்திய முதுகு. அதன் அடியில் ஒரு முழுப் பத்தி, ஒரு வரிகூட வெட்டுப்படாமல், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பேப்பர்..." என்று ஆரம்பித்தாள்.

தையல்காரம்மாவின் வாயில் நாலு குண்டூசிகள் இருந்தன. பல்லைத் திறக்காமலே சொன்னாள்.

"அசையாதீங்க அக்கா. குத்திடும்."