எதிர்வீட்டு மல்லாட்டைப் பெட்டி

திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைக்கிறார். அந்தச் சத்தத்துக்கு இன்னமும் எனக்கு வயிறு எரியும்.

யுத்த காலம், நான் சின்னப் பெண். எதிர்வீட்டுக் கன்னியப்பனும் அவர் மனைவி ராஜம்மாவும் மல்லாட்டை உடைக்க ஒரு மரப்பெட்டி கண்டுபிடித்தார்கள். கைப்பிடியை ஆட்டினால் தோல் பிளந்து பருப்பு முழுசாக விழும். விதைக்கு முழுப் பருப்புதானே வேண்டும்! முகையூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து பெட்டி வாங்கினார்கள்.

தச்சரான என் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா பெரிய பெட்டி? நான் பண்றேன் பாரு" என்று, பார்த்துவந்து அப்படியே செய்தார். அம்மா ஆட்டினாள். பருப்பெல்லாம் நொறுங்கியது.

"ஒனக்கு ஆட்டத் தெரியல" என்று கத்தினார் அப்பா.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். "ஒனக்கு மட்டும் எப்படிக்கா நொறுங்காம வருது?"

"நாலு வாட்டி பிரிச்சி மாத்துனாருடி" என்றாள் ராஜம்மா. "ஒவ்வொரு வாட்டியும் ஆட்டச் சொல்லி, 'ஒன் கைக்குத் தோதா இருக்குதா'ன்னு கேட்டுக்கினே இருந்தாரு."

அன்றோடு அம்மா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பக்கத்து சீட்டுக்காரர் பருப்பை மனைவியின் உள்ளங்கையில் கொட்டி, "நல்லா வறுபட்டிருக்குதா?" என்று கேட்கிறார்.

என் வீட்டுக்காரரோடு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய நான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.