மேல்முகத்தில் ஒரு கீறல்

முனீர் அகமதுவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைந்து வரும் பாகங்களின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓடவிட்டுப் பார்ப்பார். நகம் தடுக்கினால் சிவப்புச் சாயம் பூசி ஒதுக்கிவிடுவார். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டார் என்று அவருக்குப் பெயர். விடுமுறை நாட்களில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில், தெரிந்தவர்களின் வண்டி இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பார்.

எண்பத்தொன்பதில் திம்மப்பன் தன் டீசல் வேனை அங்கே கொண்டுவந்து விட்டார். ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஓசூர் சந்தைக்குத் தக்காளி ஏற்றுகிறவர். வண்டி புகை கக்கியது, மேட்டில் இழுக்கவில்லை. முனீர் இன்ஜினை இறக்கிப் பிரித்தார். சிலிண்டர் சுவர்களில் இருந்த கோடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மேலோட்டமானவைதான், பிஸ்டன் ரிங் மாற்றினால் போதும் என்றார். அந்தக் கணிப்பு சரிதான்.

சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகமான பிளாக்கின் மேல்முகத்தில்தான் தவறினார். அதை மூடும் ஹெட்டுக்கு அடியில், தண்ணீர் கசியாமல் அடைக்கிற பழைய கேஸ்கட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி ரோஷன் பீ இரண்டாம் முறை சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில் உளியால் சுரண்டும்போது கை வழுக்கியது. இரண்டாவது சிலிண்டருக்கும் பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கும் நடுவே பளிச்சென்று ஒரு கீறல். நகத்தை வைத்தார். தடுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் தடுக்கியது.

செய்ய வேண்டியது அவருக்குத் தெரியும். பிளாக்கைப் பெங்களூருக்குக் கொண்டுபோய் மேல்முகத்தை மெஷினில் லேசாகச் சீவி எடுத்துவர வேண்டும். அதற்கு முதலில், என் கைதான் வழுக்கியது என்று திம்மப்பனிடம் சொல்ல வேண்டும். கம்பெனியில் மற்றவர்கள் வேலையில் குறை கண்டே பழகியவருக்கு அது வாயில் வரவில்லை. மறுநாள் வந்த திம்மப்பன் குனிந்து பார்த்து, இது என்ன கோடு என்று கேட்கவும் செய்தார்.

"பழைய துரு அரிச்சதுங்க. ஒண்ணும் ஆகாது," என்றார் முனீர். கீறலின் மேல் பசையைத் தடவி, புதுக் கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை முறுக்கிவிட்டார்.

மூன்று வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு காலை, சானமாவுக் காட்டுக்குள் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோனது. திம்மப்பனோடு அவர் மனைவி நாராயணம்மாவும் இருந்தார். கூடைகளை இறக்கிவைத்து வேறு வண்டிக்குக் காத்திருந்தபோது மூங்கில் பக்கமிருந்து இரண்டு யானைகள் வந்துவிட்டன. ஓடுகிற ஓட்டத்தில் திம்மப்பன் சிறுபாலத்துப் பள்ளத்தில் விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டார். யானைகள் தக்காளியைத் தின்று முடித்துப் போகும்வரை, வலியில் அவர் கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு நாராயணம்மா பக்கத்திலேயே கிடந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன முனீரிடம் திம்மப்பன்தான் மன்னிப்புக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பி, பாய் கட்டிக்கொடுத்த இன்ஜினைக் கெடுத்துவிட்டேன் என்றார். முனீர் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பினார். அந்த வாரம் கம்பெனியில் எதைத் தொட்டாலும் நகம் தடுக்குவதுபோலவே இருந்தது. நல்ல பாகங்களையும் ஒதுக்கினார்.

பத்தாம் நாள் மறுபடி போனார். தண்ணீர் பார்க்காததைச் சொல்லிச் சொல்லி நாராயணம்மா கணவரை ஏசிக்கொண்டிருந்தார். திம்மப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முனீருக்கு அதைப் பார்க்கத் தாளவில்லை.

"அவரத் திட்டாதீங்கம்மா. இன்ஜின்ல இருந்த அந்தக் கோடு துரு இல்ல, என் உளி பட்ட கீறல். தெரிஞ்சேதான் மூடி மாட்டுனேன்."

நாராயணம்மா கன்னடத்தில் ஏதோ முனகியபடி எழுந்து வெளியே போனார். திம்மப்பன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா வண்டி ரெண்டு நாள் நின்னிருக்கும். அவ்வளவுதானே பாய்."

கோபமாகச் சொல்லியிருந்தால் முனீர் தாங்கியிருப்பார். லீவு போட்டுப் பெங்களூருக்குப் போய்ப் பிளாக்கைச் சீவிக்கொண்டு வந்து, இன்ஜினை ஒழுங்காகக் கட்டிக்கொடுத்தார். ஆனால் திம்மப்பனின் முழங்கால் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாமல் வேனைத் தம்பி சென்னப்பனிடம் விட்டுவிட்டு, சந்தையில் உட்கார்ந்து தக்காளி விற்கத் தொடங்கினார்.

முனீர் அவரிடம்தான் தக்காளி வாங்குவார். திம்மப்பனும் நல்லதாகவே பொறுக்கிப் போட்டு, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பார். வண்டியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. சென்னப்பன் அதைச் சின்ன ரிப்பேருக்குக்கூட அவ்வளவு தூரம் தளியில் இருக்கிற வேறு மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறான் என்று முனீர் கேள்விப்பட்டிருந்தார்.