திறந்து கிடந்த படலை

கருவாட்டுக் கடகத்தை ஆஸ்பத்திரி வாசல் வேம்பின் கீழ் இறக்கி வைத்துவிட்டு, பைப்படியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுகிறார் நாகேஸ்வரி. கழுவிய கையை மூக்கடியில் வைத்து மணந்து பார்க்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தரம் கழுவுகிறார். "கடகத்தை விட்டிட்டு வரலாம். மணம் விடாமல் பின்னாலை வரும். நல்ல விசுவாசமான சாமான்" என்று வாசற்காவலாளிக்குச் சொல்கிறார். நோயாளரைப் பார்க்கும் மணி அடித்ததும் பெண்கள் வாட்டுக்குள் முதல் ஆளாக நுழைகிறார்.

தெல்லிப்பழைச் சந்தையில் வியாபாரம் முடிந்து, காங்கேசன்துறைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னர் இது அவருடைய அன்றாடம். அந்த வாட்டில் அவருக்குச் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. ஒரு காலத்தில் தங்கை ஒருத்தி அங்கே படுத்திருந்தாளாம். அவள் சுகமாகி வீடு போய்ப் பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். இவர் வருவதை நிறுத்தவில்லை. பார்க்க ஆள் வராத கட்டில் எது என்று வாசலில் நின்றபடியே கண்டுபிடித்து, அதன் கால்மாட்டில் போய் இருந்துகொள்வார். என்ன நோய், என்ன வருத்தம் என்று மட்டும் கேட்கமாட்டார். "உதை டொக்டர் கேட்டிருப்பார், நேர்ஸ் கேட்டிருப்பா, வாற போற சனமெல்லாம் கேட்டிருக்கும். நானும் கேட்டால் வருத்தம் கூடுமே ஒழியக் குறையாது" என்பது அவர் கட்சி. அவர் கேட்பது ஒன்றுதான்:

"எங்கடை ஆளின்ரை கதை கேட்டனீங்களே?"

எங்கடை ஆள் என்றால் அவருடைய கணவர். புருஷனின் பெயர் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. கதையெல்லாம் அந்த ஆளைப் பற்றியதுதான். வேறு கதை அவரிடம் கிடையாது. சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார். வெயிலில் கறுத்த நீள முகம், அதில் பெரிய குங்குமப்பொட்டு, தாலிக்கொடியைப் பெருவிரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி ஏதோ வழக்குக்குச் சாட்சி சொல்வதுபோலச் சொல்வார். கதை முடிகிற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, பக்கத்துக் கட்டிலில் விலகிக் கிடக்கும் போர்வையை இழுத்து விடுவார். கேட்கிறவர்களுக்கு உயிர் போகும்.

பகிடிக்காரர்களை எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கந்தோரில் என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். தானே சொல்லித் தானே முதலில் சிரித்து, நாங்கள் சிரிக்கும்வரை தோளில் தட்டிக்கொண்டே நிற்பார். ஆகவே இந்தக் கருவாட்டுக்கார அம்மாவை முதல் தரம் என் மனைவியின் கட்டிலருகே கண்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

செல்வநாயகிக்கு ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள். பிள்ளை தங்கவில்லை. அன்றிலிருந்து அவள் சுவர்ப்பக்கம் முகம் திருப்பியபடி கிடந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தோடம்பழம் உரித்து வைப்பேன். அது காய்ந்து போகும். அடுத்த நாள் வேறு உரிப்பேன். அப்படி ஒரு நாள், பஸ் பிந்தி நான் ஓட்டமும் நடையுமாக வந்தபோது, விறாந்தையிலேயே அவளுடைய குரல் கேட்டது. "சிரிப்பிக்காதையுங்கோ அக்கா, தையல் நோகுது." நான் உள்ளே போகவில்லை. கதவோரமாக நின்றுகொண்டேன்.

"ஆளுக்கு வயித்துக்குத்து, பிள்ளை" என்று நாகேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தார். "டொக்டர் குளிசை குடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு போடும் எண்டு சொல்லி விட்டார். ஆளுக்குக் கெதியிலை சுகம் வரவேணும். என்ன செய்தது? விடியச் சாப்பிட்டுது, குளிசை போட்டுது. கொஞ்சத்தாலை திரும்பவும் சாப்பிட்டுது, குளிசை போட்டுது. மத்தியானச் சோத்துக்கு முன்னம் ஒரு சோறு, பின்னம் ஒரு சோறு." இங்கே அவர் எழுந்து, யாருடையதோ போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்து அமர்ந்தார். "குத்து மாறியிட்டுது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அரிசிப்பானைக்குத்தான் வருத்தம் வந்தது."

என் மனைவி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்குக் கருவாட்டு மணம் பிடித்துப்போயிற்று.

வாட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் கதை படலைக் கதைதான். அது ஓர் ஆடி மாதத்தில் நடந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வேலி அடைத்து முடிந்த நேரம். இந்த அந்தம் முதல் அந்த அந்தம் வரை ஒரே புதுத் தென்னோலைக் கிடுகு, வாசலுக்கு வாசல் ஒரே மாதிரிப் படலைக் கதவு. சொந்த வீட்டுக்காரனே நின்று யோசித்துத்தான் உள்ளே போகவேண்டும். எங்கடை ஆள் தோணியில் நாகபட்டினம் போய், பல நாள் கழித்து உச்சி வெயிலில் கரையிறங்கி வருகிறார்.

"கடலிலை எங்கடை ஆள் வழி பிழைக்காது. வெள்ளியைப் பார்த்து நூல் பிடிச்ச மாதிரி வந்து சேரும். தரையிலை கால் வைச்சுதோ, துலைஞ்சுது. அண்டைக்கும் கனகலிங்கத்தாற்றை படலைக்குள்ளை பூந்திட்டுது. கிணத்தடியிலை கால் கழுவி, சேட்டைக் கழட்டிக் கொடியிலை போட்டிட்டு, 'சோத்தைப் போடும்' எண்டு இருந்திட்டுது. கனகலிங்கத்தாற்றை மாமிக்குக் கண் மட்டுமட்டு. மருமோன் ஆக்கும் எண்டு மனிசி போட்டுக் குடுத்திட்டுது. ஆள் வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுப் பாயை விரிச்சுப் படுத்து ஒரே குறட்டை. அந்த நேரம் கனகலிங்கத்தார் வாறார். 'ஆர் தம்பி நீர்?' எண்டு கேக்கிறார். எங்கடை ஆள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, 'வீட்டுக்காரி வெளியிலை. பிறகு வாரும்' எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது."

போர்வை. தலையணை. ஒரு மிடறு தண்ணீர்.

"கனகலிங்கத்தார் பாவம், பயந்த சுபாவம். ஒழுங்கையிலை இறங்கி வேலியைப் பார்க்கிறார், படலையைப் பார்க்கிறார். கடைசியிலை என்ரை படலையிலை வந்து நிண்டு, 'பிள்ளை, நான் இருக்கிறது எந்த வீடெண்டு ஒருக்காச் சொல்லு' எண்டார்."

வாட்டே குலுங்கும். சிரிப்பு அடங்கியபிறகு, கதையில் ஒட்டாத ஒரு துண்டைப்போல, இதையும் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொள்வார்: "போய் இழுத்துக்கொண்டு வந்து பேசினன். ஆளிட்டை நியாயம் இருந்தது. 'உன்ரை படலை கொழுவிக் கிடந்தது. அது திறந்து கிடந்தது. நான் வாற நேரம் திறந்து கிடந்தால் அதுதானே எங்கடை வீடு' எண்டுது."

செல்வநாயகி வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, உங்கடை ஆளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கோவன். எனக்குப் பார்க்க ஆசையாக் கிடக்கு." பக்கத்துக் கட்டில்களில் கதை சட்டென்று நின்றது. "வரட்டும், பிள்ளை" என்றார் நாகேஸ்வரி. "வந்த உடனை கூட்டிக்கொண்டு வாறன்." வழக்கத்தைவிட முந்தியே எழுந்து, வேம்படிக்குப் போய்க் கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

பிறகு அடுத்த கட்டில்காரி சொன்னாள். புயல் அடித்த அந்த வருஷம், இந்த ஒரு ஓட்டத்தோடு தோணியைக் கரையேற்றுகிறேன் என்று போனவராம். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி மாதம் வேலி அடைத்தாயிற்று. எங்கள் வீட்டில் அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. இவ்வளவு நாளும் நாங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று நினைத்தபடி மிஞ்சிய சோற்றை மூடி வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, செல்வநாயகி பிடிவாதமாக நின்று பயற்றம்பணியாரம் சுட்டு என்னையும் இழுத்துக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போனாள். கடற்கரையோர ஒழுங்கை. பாதி வீடுகளில் இப்போது சீமெந்து மதில் வந்துவிட்டது. மற்றப் பாதி இன்னும் கிடுகுதான். யாரிடம் கேட்கலாம் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் விடுவிடென்று நடந்து ஒரு வீட்டுக்குள் திரும்பினாள். அந்த ஒழுங்கையில் அந்த ஒரு படலைதான் திறந்து கிடந்தது. உள்ளே வளவில் ஒரு கீரைக்கன்றுகூட இல்லை. ஊர் ஆடெல்லாம் வந்து மேய்ந்து துடைத்து வைத்திருந்தன.

முற்றத்து வாங்குப்பலகையில் நாகேஸ்வரியின் தமையன் முத்துக்குமாரு இருந்தார். கடலிலேயே நரைத்த மனிதர். எங்களுக்குத் தேத்தண்ணி வந்து, பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவர் வந்த காரியத்துக்கே வந்தது. அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருக்கிறது. மாப்பிள்ளை பகுதியார் ஒன்று மட்டும் கேட்கிறார்கள்: போன மனிதனுக்குச் செய்யவேண்டிய ஈமக்கடமையைச் செய்துவிட்டீர்களா?

"ஆடி அமாவாசைக்குக் கீரிமலையிலை ஒரு அந்தியேட்டியைச் செய்து விடுவம் எண்டு இவளிட்டைக் கேக்கிறன், தம்பி" என்றார் என்னைப் பார்த்து. "நீங்கள் படிச்ச ஆள், நீங்களாவது சொல்லுங்கோ." நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடலிலை துலையிற ஆளே அவர்?" என்றார் நாகேஸ்வரி. வாட்டில் கேட்ட அதே குரல், அதே சாட்சி சொல்லும் முகம். "நீங்களும் அவரோடை கூடப் போய் வந்தனீங்கள் அண்ணை, உங்களுக்குத் தெரியாதே? கடலை விட்டு ஏறியிருப்பார். எந்தக் கரையோ. அங்கை ஆற்றையோ படலைக்குள்ளை பூந்து, கால் கழுவி, சேட்டைக் கழட்டிப் போட்டிட்டுச் சோறு கேட்டுக்கொண்டு இருக்கிறார். அவையும் போடுகினம் ஆக்கும். அதுதான் மனிசனுக்கு இன்னும் பிழை தெரியேல்லை."

முத்துக்குமாருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அண்டைக்குக் கனகலிங்கம் ஒழுங்கையிலை நிண்ட நிலை" என்று தொடங்கி, முடிக்க முடியாமல் சிரித்தார். கண்ணைத் துடைக்கச் சால்வையை எடுத்தார். எடுத்த சால்வை கண்ணிலேயே நின்றது. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன, அது சிரிப்பல்ல என்று எங்களுக்குத் தெரிய நேரம் எடுத்தது.

நாகேஸ்வரி தாலிக்கொடியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"எனக்கு அவரைப் பார்க்கவேணும்போலை கிடக்கு, அண்ணை" என்றார். "வேறை ஒண்டும் இல்லை. ஆஸ்பத்திரியிலை கதை சொல்லேக்கை, அதுகள் எல்லாம் அவரைக் கண்ணாலை கண்ட மாதிரிச் சிரிக்குதுகள். அந்தக் கொஞ்ச நேரம் ஆள் எனக்குப் பக்கத்திலை இருக்கிறார். நீங்கள் கீரிமலையிலை கொண்டுபோய்க் கரைச்சுப்போட்டு வந்தால், நான் பிறகு செத்த மனிசன்ரை கதையெல்லோ சொல்லவேணும்? அதுக்கு ஆர் சிரிப்பினம்?"

ஒரு ஆடு உள்ளே வந்து, எங்கள் தேத்தண்ணிக் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. செல்வநாயகி எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் ஒட்டி இருந்துகொண்டாள். நாகேஸ்வரி தமையன் பக்கம் திரும்பிச் சொன்னார். சந்தையில் கடைசி விலை சொல்கிறவரைப்போல இருந்தது.

"பிள்ளையின்ரை கலியாணம் என்னாலை நிக்கக்கூடாது. அமாவாசைக்குச் செய்யுங்கோ. நானும் வாறன்."

தமையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இவ்வளவும் காணும் அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லி முடித்துவிட்டார். பிறகு பணியாரத்தைக் கடித்துப் பார்த்து, எங்கடை ஆள் பணியாரம் தின்ற கதை ஒன்று இருக்கிறது, அதை நாளைக்கு வாட்டில் சொல்லவேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னார்.

நாங்கள் புறப்பட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. முத்துக்குமாரு முன்னே போய்விட்டார். கடைசியாக வெளியே வந்தவன் நான். படலையை இழுத்துச் சாத்தி, கயிற்று வளையத்தைத் தூணில் கொழுவினேன். இந்த ஊரில் பிறந்தவனுக்குக் கை தானாகவே செய்யும் வேலை அது. படலையைத் திறந்தபடி விட்டுப் போனால் எந்த வீட்டிலும் பேச்சு விழும். ஒழுங்கை முடக்கு வரை வந்தபோது செல்வநாயகி என் கையைப் பிடித்து நிறுத்தித் திரும்பிப் பார்க்கச் சொன்னாள்.

நாகேஸ்வரி படலையடிக்கு வந்திருந்தார். வளையத்தைக் கழற்றினார். படலையை வேலியோடு போய் முட்டும்வரை அகலத் தள்ளினார். குனிந்து ஒரு கல்லை உருட்டி, அது திரும்பிச் சாத்திக்கொள்ளாதபடி அடியில் முட்டுக் கொடுத்தார். ஒழுங்கையில் காத்துக்கொண்டு நின்ற ஆடு உள்ளே நுழைய, சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகி அதற்கு வழி விட்டார்.