மெழுகுவர்த்திக்காக நின்ற காத்தாடி

மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் எனக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். குட்டை உருவம், சாயம் பூசிய மீசை, சட்டைப் பையில் எந்நேரமும் விளக்கு ரிமோட். பேசிக்கொண்டே அதை அமுக்குவார். கூடம் சிவப்பாகும், ஊதாவாகும், பிறகு கோயில் திருவிழா மாதிரி மினுக்கும்.

ஒரு சாயங்காலம், கல்யாண நாளுக்காக வீட்டை ரொமான்டிக்காக மாற்றியிருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவிக்குக் காட்ட வேண்டியதைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டுகிற மனிதர்! சன்னலெல்லாம் கனத்த திரை. நடுவில் சின்ன மேசை, இரண்டு நாற்காலி, வாசனை மெழுகுவர்த்திகள். புழுக்கம் தாங்கவில்லை.

அவர் மனைவி இரண்டு தட்டில் சோறும் கோழிப் பிரட்டலும் கொண்டு வந்தார். முகமெல்லாம் வியர்வை. "காத்தாடியப் போடுங்களேன்" என்றார்.

"மெழுகுவத்தி அணைஞ்சிடும் லா. மூடே போயிடும்" என்றவர், படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினார். "கொஞ்சம் தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."

அந்த அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், வெள்ளை விளக்கு வெளிச்சத்தில், சுற்றுகிற காத்தாடிக்கடியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். இவரோ படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது நாற்காலியை யாருக்காகப் போட்டார் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.