ஆளுக்கு ஒரு ஜோடி

எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் கிளவுஸ் போட ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்காத சட்டம். வெளியாளுக்குக் கிளவுஸ், நம்ம ஆளுக்கு வெறுங்கை. வங்காளதேசத்திலிருந்து குலை வெட்ட வந்தவன் கையைக் கிழித்துக்கொண்டு வந்தால் உடனே பெட்டியைத் திறப்போம். நம்ம தொழிலாளர் லயத்துப் பெரியவர் ஒருவர் முழங்காலில் ரத்தம் வழிய வந்து உட்கார்ந்தால் வெறுங்கையால் துடைப்போம். அவரைப் போய் உறை மாட்டித் தொடுவது மரியாதையா? எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார். நானும் பதினொரு வருடம் அப்படியே செய்தேன். நர்சிங் படித்தவள்தான். படித்ததெல்லாம், இந்தத் தோட்டத்துக்கு வர புக்கிட் பெலண்டோக் முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என்னோடு இறங்க மறுத்துவிட்டது போல.

அந்தச் சட்டத்தை உடைத்தது ஓர் ஊசி. கோயில் கமிட்டித் தலைவருக்கு ஊசி போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் அதற்கு மூடி மாட்டப் போனேன். மாட்டக் கூடாது, அப்படியே மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். தெரியும். தெரிந்தும் மாட்டினேன். ஊசி மூடியைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. நான் குழாயைத் திறந்து கையைக் கழுவிக் கொண்டிருக்க, தலைவர் சிரிக்கிறார்.

"ஏம்மா பதறுற? நம்ம ரத்தம் தானே, சுத்தமான ரத்தம் லா!"

அந்தச் சுத்தமான ரத்தத்துக்காக நான் மாதக்கணக்கில் சோதனைக்கு அலைந்தேன். சோறு ஊட்டினால் எதுவும் தொற்றாது என்று நன்றாகத் தெரிந்தும், என் சின்னவளுக்குப் பிசைந்து ஊட்டப் பயந்தேன். கடைசியில் ஒன்றுமில்லை என்று காகிதம் வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு நெஞ்சு கொதிக்க வீட்டுக்கு வந்தேன். யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று யார் நெற்றியில் ஒட்டியிருக்கிறது? நம்ம ஆளாம், வெளியாளாம்! இனி எவராக இருந்தாலும் ஒரே மாதிரி என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் புதன்கிழமை. காலையில் முதலில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது ஓர் அக்கா. கடைசி லயத்தில் இருப்பவள், செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. இனிப்புநீர் வேறு, அதுதான் சர்க்கரை வியாதி. செம்பனை முள் ஒன்று பூட்ஸைத் துளைத்து இரண்டாவது விரலுக்கு அடியில் ஏறி, மூன்று வாரமாகப் புண் ஆறாமல் இருந்தது. தினமும் கட்டுப் பிரித்துக் கட்டுவேன். முந்தின நாள் வரைக்கும் வெறுங்கையால்.

அன்றைக்குக் கையைக் கழுவி, மாஸ்க் மாட்டி, கிளவுஸை இழுத்துப் போட்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி, என்னா வந்திருக்கு எனக்கு?"

"ஒன்னுமில்லக்கா. இனிமே எல்லாருக்கும் இப்படித்தான்."

வெளியே பெஞ்சில் நாலு பெண்கள். கதவு திறந்தேதான் கிடந்தது. அவர்களை உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வைராக்கியம் இருந்த அளவுக்கு அன்று எனக்குப் புத்தி இல்லை.

வெறுங்கையால் தொட்டுக் கொண்டிருந்தவள் திடீரென்று உறை மாட்டினால் எங்கள் தோட்டத்தில் அதற்கு ஓர் அர்த்தம்தான். மத்தியானத்துக்குள் தோட்டத்து வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, அந்த வீட்டில் கை நனைக்காதீர்கள், மிஸ்ஸியே தொடப் பயப்படுகிறாள் என்று. நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள். அதாவது என்னைச் சாட்சிக்கு இழுத்திருந்தார்கள்.

வியாழன் அக்கா வரவில்லை. வேலைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளி, சனியும் வரவில்லை. ஞாயிறு கிளினிக் பூட்டு. இதற்கிடையில் தலைவர் இனிப்புநீர் பார்க்க வந்து விரலை நீட்டினார். நான் பெட்டியைத் திறந்தேன்.

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல போட்டிருக்கணும், ஐயா."

அவருக்கு முகம் கறுத்துப் போனது. கமிட்டியில் பேசுவேன் என்றார். தாராளமாகப் பேசுங்கள் என்றேன். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் கிளினிக்கையும் கவனிப்பவர். அவர் வந்து, பழக்கப்பட்டவர்களிடமாவது கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா என்று கேட்டார். முடியாது என்றேன். யாருக்கும் பயப்படவில்லை, அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பெஞ்சில் இருந்த ஒருத்தி வாய் தவறிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பூஜையில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தேத்தண்ணி கொடுத்தார்களாம். அந்த அக்காவுக்கு மட்டும் பேப்பர் கப். பையில் மருந்துச் சாமானை அள்ளிப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எதுக்கு வந்த? தொடக்கூட கூசுற காலு, எப்படியோ போவட்டும்."

"கூசலக்கா. நான் இத்தன வருசமா செஞ்சதுதான் தப்பு. அன்னிக்கி செஞ்சது சரி."

"அப்ப மத்தவளுங்களுக்கு ஏன் போடல?"

"போட்டேன். உனக்கப்புறம் வந்த எல்லாருக்கும் போட்டேன். தலைவருக்கும் போட்டேன், கோச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

தலைவர் கோபித்தது அவளுக்குப் பிடித்திருந்தது. உதட்டோரம் லேசாகத் தெரிந்தது. உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்கி, பழக்கத்தில் அண்ணாந்தேன்.

"ஆங்! வாய் வச்சுக் குடி. பாக்குறேன்."

வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கட்டு நான் புதன்கிழமை கட்டியது, அப்படியே. பிரிக்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. விரல் கறுத்திருந்தது.

"அக்கா, இப்பவே டவுனு ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கி டாக்டரு வராருல்ல. அவரு சொல்லட்டும், போறேன். சும்மா பயமுறுத்தாத."

கெஞ்சினேன், திட்டினேன், அசையவில்லை. சரியென்று குழாயடியில் கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, புண்ணைத் துடைத்தேன். துடைக்கும்போதே சொன்னேன். இது உன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற மட்டும் இல்லை, என் கையிலிருந்து உன் புண்ணைக் காப்பாற்றவும்தான். இன்னொருத்தர் புண்ணைத் தொட்ட உறையோடு உன்னைத் தொடக் கூடாது. ஆளுக்கு ஒரு ஜோடி. கழட்டினால் கையைக் கழுவ வேண்டும், அப்புறம்தான் அடுத்த ஆள்.

"ஆளுக்கு ஒரு ஜோடியா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், மலாயில்தான் பேசுவார். பெஞ்சில் அன்று கூட்டம். அக்காவுக்கு முன்னால் மூன்று பேர், மூவருக்கும் புண். ஒருவன் முதுகில் கட்டி, அதை அழுத்திப் பார்த்தார். பக்கத்து ஆளின் கையைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே ஜோடி கிளவுஸில். அதோடே அக்காவின் கட்டைப் பிரிக்கக் குனிந்தார்.

அக்கா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார், என்னவாம் என்று கேட்டார். வலிக்கிறதாம் என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவர் அப்படிச் செய்வதை நான் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தலைவரை எதிர்த்தேன், கிராணியை எதிர்த்தேன். இவரிடம் மட்டும் வாயைத் திறந்ததில்லை. டாக்டர் இல்லையா!

அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. இந்தோனேசியக்காரர்களோடு தினமும் பழம் பொறுக்குகிறவள், அவளுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. அந்த உறையைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவி வேறு மாட்டுங்கள் டாக்டர், இங்கே ஆளுக்கு ஒரு ஜோடி என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். டாக்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"அவங்க சொல்றது சரி, டாக்டர்," என்று மலாயில் சொல்லிவிட்டுப் பெட்டியை நீட்டினேன். நீட்டிய கையை மடக்கவில்லை.

அவர் கழற்றினார், கழுவினார், புதிது மாட்டினார். அப்புறம் கட்டைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார். கால் தப்பிவிடும், விரல் தப்பாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று கடிதம் எழுதினார். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அக்கா காலையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"நான் வராம போன அந்த நாளெல்லாம் வந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

"வெரலு இருந்திருக்கும்க்கா. நான் அன்னிக்கி எல்லாருக்கும் வெளக்கிச் சொல்லியிருக்கணும்."

புண்ணைக் கட்டிக்கொண்டே அழுதுவிட்டேன். மாஸ்க்கெல்லாம் ஈரம். கட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக் கொண்டிருந்தாள்.

"போதும்டி. அடுத்த ஆளக் கூப்பிடு," என்றாள். பிறகு என் கையைப் பார்த்துச் சொன்னாள். "மொதல்ல அதக் கழட்டு. கையக் கழுவிட்டுக் கூப்பிடு."